கீழ சொட்டுது, ஆனா வர்றது மேல இருந்து: என் பழைய காரோட ஆயில் லீக்

காலைல காரை ரிவர்ஸ் எடுத்து வெளிய நிறுத்திட்டு கேட்ட சாத்த இறங்கினப்பதான் பாத்தேன், கார் நின்ன இடத்துல தரையில கருப்பா ஒரு வட்டம், உள்ளங்கை அகலம் இருக்கும், நடுவுல இன்னும் ஈரமா பளபளன்னு மின்னுச்சு. குனிஞ்சு விரல்ல தொட்டேன், வழவழன்னு இருந்துச்சு, மோந்து பாத்தா லேசா கருகின வாசனை. இன்ஜின் ஆயில்தான், சந்தேகமே இல்ல.

இது அப்பா ஓட்டின கார். 19 வயசு ஆச்சு, 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, பெட்ரோல், நாலு சிலிண்டர். வித்துட்டு வேற வாங்குன்னு சொல்லாத ஆளே கெடையாது. ஆனா அவர் கடைசியா ஆயில் மாத்தினப்ப எத்தன கிலோமீட்டர்ல மாத்தினோம்னு ஒரு துண்டு சீட்டுல எழுதி டேஷ்போர்டுக்குள்ள வெச்சது இன்னும் அங்கயேதான் இருக்கு, அதை எடுத்து போட எனக்கு மனசு வரல, காரையும் அப்படித்தான். அதனால இந்த லீக்க கண்டுபிடிச்சு ஒழுங்கா சரி பண்ணணும்னு முடிவு பண்ணேன். அது முடிய மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரத்துல நான் பாத்தது, தெரிஞ்சுகிட்டது எல்லாத்தையும் இங்க எழுதி வெக்கறேன், ஏன்னா பழைய கார் வெச்சிருக்கற எல்லாருக்கும் என்னைக்காவது ஒரு நாள் இந்த கருப்பு வட்டம் வரத்தான் போகுது.

மொதல்ல பண்ணது டிப்ஸ்டிக்க (ஆயில் அளவு பாக்கற கம்பி) உருவி பாத்தது. வண்டி சமதரையில நிக்கணும், இன்ஜின ஆஃப் பண்ணி ஒரு 5, 10 நிமிஷமாவது ஆகியிருக்கணும், அப்பதான் மேல இருக்கற ஆயில் எல்லாம் கீழ சம்புக்கு (இன்ஜின் அடியில இருக்கற ஆயில் தொட்டி) எறங்கி வந்து சரியான அளவு தெரியும். உருவி, துணியால தொடச்சு, மறுபடி முழுசா சொருகி எடுத்து பாத்தா கீழ் கோட்டுக்கு கொஞ்சம் மேல நின்னுச்சு. பெரும்பாலான கார்ல கீழ் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவுல ஏறக்குறைய ஒரு லிட்டர் வித்தியாசம் இருக்கும், அப்படி பாத்தா கிட்டத்தட்ட முக்கா லிட்டர் கொறஞ்சிருக்கு. போன தடவை ஆயில் மாத்தி 2000 கிலோமீட்டர் கூட ஆகல. பகீர்னு ஆயிடுச்சு.

ஒண்ணு சொல்லிடறேன். டேஷ்போர்டுல செவப்பா எரியுற ஆயில் லைட்டு ஆயில் கம்மியா இருக்குன்னு சொல்ற லைட்டுன்னு நெறைய பேர் நெனச்சுகிட்டு இருக்காங்க. அது பிரஷர் லைட்டு. அது எரியுதுன்னா உள்ள பேரிங்குக்கு போற ஆயிலுக்கு அழுத்தம் போதலன்னு அர்த்தம், அந்த நிமிஷமே ஓரம் கட்டி இன்ஜின ஆஃப் பண்ணிடணும், வீடு பக்கத்துலதான இருக்கு, மெதுவா ஓட்டிட்டு போயிடலாம்னு போனா கிராங்க் (பிஸ்டன் சுத்த வெக்கற தண்டு) பேரிங் தேஞ்சு இன்ஜினே போயிடும். லீக் இருக்கற காருக்கு அந்த லைட்ட நம்பிட்டு உக்காரக்கூடாது, வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக்க பாக்கணும், வேற வழியில்ல.

அன்னிக்கு ராத்திரி பெரிய அட்டப்பெட்டி ஒண்ண பிரிச்சு விரிச்சு இன்ஜினுக்கு அடியில போட்டேன், முன்சக்கரம் ரெண்டும் எங்க இருக்குன்னு அட்டையில பேனாவால குறிச்சு வெச்சேன், அப்பதான் காலைல அட்டைய எடுத்து பாக்கறப்ப எந்த பக்கம் சொட்டியிருக்குன்னு குழப்பம் வராது. இந்த அட்ட வைத்தியம் ரொம்ப சாதாரணமா தெரியும், ஆனா இதுலயே பாதி விஷயம் தெரிஞ்சிடும். கருப்பு, பிரவுன் கலர்னா இன்ஜின் ஆயில். செவப்பு, ரோஸ் கலர்ல எண்ணெய் மாதிரி இருந்தா பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இல்லன்னா பவர் ஸ்டீயரிங் ஆயில். பச்சையோ ஆரஞ்சோ தண்ணி மாதிரி ஓடுனா கூலன்ட். சக்கரத்துக்கு பக்கத்துல மஞ்சளா, வழவழன்னு தெளிவா ஏதாவது இருந்தா பிரேக் ஆயில்னு வெச்சுகிட்டு வண்டிய எடுக்கவே கூடாது. ஏசி போட்டு ஓட்டி நிறுத்தின உடனே சொட்டுறது வெறும் தண்ணி, அதுக்கு பயப்படவே வேண்டாம்.

எனக்கு காலைல அட்டையில 9 சொட்டு. எல்லாமே கருப்பு, எல்லாமே ஒரே இடத்துல, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற ஜாயின்டுக்கு நேர் கீழ.

இங்க ஒரு கணக்கு போட்டு பாத்தேன். 20 சொட்டு சேந்தா ஏறக்குறைய 1 மில்லி. ராத்திரி பூரா 9 சொட்டுன்னா அரை மில்லி கூட இல்ல. அப்ப முக்கா லிட்டர் எங்க போச்சு? ஓடுறப்பதான் போகுது. ஆயில் சூடாக சூடாக இளகிடும், 10டபிள்யூ-40 (இது ஆயிலோட கெட்டித்தன்மைய சொல்ற எண்) மாதிரி ஆயில் 40 டிகிரில இருக்கறத விட 100 டிகிரில ஏறக்குறைய 6, 7 மடங்கு இளகலா இருக்கும், அதோட ஓடுறப்ப உள்ள அழுத்தமும் இருக்கும், அதனால நிறுத்தி வெச்சப்ப சொட்டுறத மட்டும் பாத்து சின்ன லீக்குதானேன்னு விட்டுட முடியாது. இன்னொரு விஷயமும் அப்பதான் ஞாபகம் வந்துச்சு, கொஞ்ச நாளாவே சிக்னல்ல நிக்கறப்ப ஏசி வழியா லேசா கருகின நாத்தம் வந்துட்டு இருந்துச்சு, முன்னாடி போற வண்டியோட புகைன்னு நெனச்சு கண்டுக்காம போயிட்டே இருந்தேன்.

மெக்கானிக் அண்ணன்கிட்ட காரை கொண்டு போனேன். அவர் அடியில ஒரு டார்ச் அடிச்சு பாத்துட்டு உடனே சொல்லிட்டார், "தம்பி, பின்பக்க கிராங்க் ஆயில் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸ இறக்கணும், இறக்கறப்ப கிளட்சும் சேத்து மாத்திடுங்க." அந்த சீல் கைக்குள்ள அடங்கற ஒரு ரப்பர் வளையம்தான், விலையும் பெருசா இருக்காது, ஆனா அதை தொடணும்னா ஆக்சில கழட்டி, கியர்பாக்ஸ இறக்கி, கிளட்ச கழட்டி, ஃப்ளைவீல (கிராங்க் நுனியில சுத்துற கனமான சக்கரம்) கழட்டி, அதுக்கு பின்னாடிதான் அது உக்காந்திருக்கும். செலவு பூரா கூலியிலதான். அவர் சொன்னது தப்பும் இல்ல, அந்த ஜாயின்டுல இருந்து சொட்டுனா அனுபவம் இருக்கற எல்லாரும் மொதல்ல சொல்றது அதுதான். ஆனாலும் எனக்கு அந்த கருகின நாத்தம் மனசுல உறுத்திகிட்டே இருந்துச்சு. கீழ இருக்கற சீல் லீக்கானா சொட்டு தரையில விழும், கருகறதுக்கு அங்க சூடா என்ன இருக்கு? சூடான புகை இன்ஜின விட்டு வெளிய வர்ற குழாய், அந்த சைலன்சர் மேனிஃபோல்டு, மேலதான இருக்கு. ஒரு வாரம் டைம் குடுங்கண்ணேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஆயில் கசியுற இடம் வேற, சொட்டுற இடம் வேற. மேல எங்கயோ கசியும், ஹெட்டு (இன்ஜினோட மேல் பாகம்) வழியா எறங்கி, பிளாக் (அதுக்கு கீழ் பாகம்) மேல வழிஞ்சு, ஏதாவது ஒரு போல்ட்டோட நுனியிலயோ ஜாயின்டோட விளிம்புலயோ போய் சேந்து அங்க இருந்துதான் சொட்டும். ஓடுறப்ப காத்து வேற பின்னாடி தள்ளி விடும், அதனால ஈரமா இருக்கற இடத்துலயே எது ரொம்ப மேலயும் ரொம்ப முன்னாடியும் இருக்கோ அங்க இருந்துதான் தேட ஆரம்பிக்கணும். கீழ இருந்து தேடுனா கண்டிப்பா தப்பான இடத்துலதான் போய் நிப்போம்.

மறுநாள் வண்டிய ஏத்தி பாத்தேன். தயவு செஞ்சு இதை மட்டும் யாரும் அலட்சியமா எடுத்துக்காதீங்க: வெறும் ஜாக்கிய மட்டும் நம்பி காருக்கு அடியில தலைய விடாதீங்க. சமமான கெட்டி தரை, பின்சக்கரத்துக்கு கட்டை, ஹேண்ட்பிரேக், ஏத்தினதும் ஜாக் ஸ்டாண்ட் ரெண்டு பக்கமும் வெச்சு, காரை கையால நல்லா ஆட்டி பாத்துட்டு அப்புறம்தான் உள்ள போகணும். ஜாக்கி வண்டிய தூக்கறதுக்கு மட்டும்தான் இருக்கு, தாங்கி பிடிக்கறதுக்கு இல்ல.

என் கார்ல கிளட்ச மூடியிருக்கற கியர்பாக்ஸ் பெல் ஹவுசிங்குக்கு அடியில தகர மூடி மாதிரி ஒரு சின்ன ப்ளேட் இருக்கு, மூணு போல்ட்டுதான். அதை கழட்டினா ஃப்ளைவீலோட பல்லு தெரியும். பின்பக்க சீல் லீக்கா இருந்தா உள்ளுக்குள்ள ஆயில் நனைஞ்சு, ஃப்ளைவீல் சுத்துறப்ப நாலா பக்கமும் தெறிச்சிருக்கணும், கிளட்ச் தட்டுல பட்டு கிளட்ச் வழுக்கவும் ஆரம்பிச்சிருக்கும். கழட்டி டார்ச் அடிச்சேன். உள்ள காஞ்சு போய், கிளட்ச் தூசி சாம்பல் கலர்ல அப்படியே படிஞ்சிருந்துச்சு. ஒரு சொட்டு ஈரம் இல்ல. ப்ளேட்டோட வெளிப்பக்கம் மட்டும் கருப்பா நனைஞ்சு கெடக்கு. அப்ப சீல் நல்லாதான் இருக்கு, ஆயில் வெளிப்பக்கமா மேல இருந்து வழிஞ்சு வருது. அந்த இடத்துலயே கொஞ்ச நேரம் படுத்து கெடந்தேன், அவ்ளோ நிம்மதி.

அதே இடத்துல கியர்பாக்ஸோட இன்புட் சீல் லீக் ஆனாலும் சொட்டும், ஆனா கியர் ஆயிலுக்கு கந்தக வாசனை தூக்கலா இருக்கும், மோந்தாலே தெரிஞ்சிடும். எனக்கு அந்த வாசனை இல்ல.

அடுத்தது சுத்தம் பண்றது. வருஷக்கணக்கா படிஞ்ச ஆயிலும் புழுதியும் சேந்து களிம்பு மாதிரி ஒட்டி கெடக்கறப்ப எது புது ஈரம், எது பழைய ஈரம்னு யாராலயும் சொல்ல முடியாது. இன்ஜின் ஆறின பிறகு டீகிரீசர் அடிச்சு, பழைய டூத் பிரஷ்ஷால இண்டு இடுக்கெல்லாம் தேய்ச்சு, கொஞ்சமா தண்ணி விட்டு கழுவினேன், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஒயர் கனெக்டர், ஏர் ஃபில்டர் வாய் எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர் போட்டு கட்டிட்டுத்தான். பிரஷர் வாட்டர் அடிக்க வேண்டாம்னு தோணுச்சு, பழைய கார்ல கனெக்டர் ரப்பர் எல்லாம் வெடிச்சு போயிருக்கும், தண்ணி உள்ள போனா அது ஒரு தனி தலைவலி. நல்லா காஞ்சதும் டேப்பட் கவர் (ஹெட்டுக்கு மேல இருக்கற மூடி) ஓரம் பூரா, ஹெட்டு முதுகு, கேம் (வால்வ தெறக்கற தண்டு) சீல் கிட்ட, ஆயில் பிரஷர் சுவிட்ச் கிட்ட எல்லாம் டால்கம் பவுடர தட்டி விட்டேன். வெள்ளை பவுடர் மேல ஆயில் வந்தா கோடு போட்ட மாதிரி தெரியும். இன்னொரு முறையும் இருக்கு, ஆயில்ல ஒரு சாயத்த கலந்து ஓட்டிட்டு அப்புறம் யூவி லைட் அடிச்சு பாத்தா லீக் ஆகற இடம் பச்சை மஞ்சளா ஒளிரும், ரொம்ப மெல்லிசான லீக்குக்கு அதுதான் சரி. எனக்கு பவுடரே போதுமா இருந்துச்சு.

ஒரு 20 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து பானட்ட தூக்கினேன். கிராங்க் சீல் காய்ஞ்சிருக்கு, பிரஷர் சுவிட்ச் காய்ஞ்சிருக்கு, சம்ப் பேக்கிங் (கசியாம இருக்க ஜாயின்டுல வெக்கறது) காய்ஞ்சிருக்கு. டேப்பட் கவரோட ஒரே ஒரு மூலை, கியர்பாக்ஸ் பக்கம், ஃபயர்வால (இன்ஜினுக்கும் நாம உக்காரற இடத்துக்கும் நடுவுல இருக்கற தகரச்சுவர்) ஒட்டின மாதிரி கைக்கே எட்டாத மூலை, அங்க பவுடர் மேல சுண்டு விரல் அகலத்துக்கு ஒரு பிரவுன் கோடு. அது ரெண்டா பிரிஞ்சு ஒண்ணு ஹெட்டு ஓரமா கீழ எறங்கி நேரா அந்த கியர்பாக்ஸ் ஜாயின்டுக்கு போகுது, இன்னொண்ணு மேனிஃபோல்டு மேல. கருகின நாத்தத்துக்கும் தரையில இருந்த வட்டத்துக்கும் ரெண்டுக்கும் ஒரே மூலைதான் காரணம். கண்ணாடி ஒண்ண உள்ள விட்டு திரும்ப திரும்ப பாத்தேன், அதே கோடுதான்.

மேனிஃபோல்டு மேல ஆயில் விழறது வெறும் நாத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல. இன்ஜின் ஆயிலோட ஃபிளாஷ் பாயிண்ட் (அதோட ஆவி தீப்பிடிக்கற சூடு) 200 டிகிரிக்கு மேல, மேனிஃபோல்டு லோடுல ஓடுறப்ப 400 டிகிரிய சாதாரணமா தாண்டும். கொஞ்சமா விழுந்தா புகையோட போயிடும், நெறைய விழுந்து தேங்கினா தீப்பிடிக்கும். சொட்டு கம்மியா இருந்தாலும் இந்த இடத்துல விழற லீக்க மட்டும் தள்ளிப் போடவே கூடாது. டைமிங் பெல்ட் (கிராங்கையும் கேமையும் சேத்து சுத்த வெக்கற பெல்ட்) மேல விழறதும் அதே மாதிரிதான், பெல்ட்டோட ரப்பர் ஊறிப் போய் எப்ப அறுந்து போகும்னே தெரியாது, அறுந்தா நெறைய இன்ஜின்ல வால்வு போய் பிஸ்டன்ல இடிச்சிடும். மத்தபடி வேர்த்த மாதிரி லேசா ஈரமா இருக்கு, சொட்டல, டிப்ஸ்டிக்லயும் கொறையலன்னா அதை கவனிச்சுகிட்டே ஓட்டலாம், அதுக்காக இன்ஜின பிரிக்க வேண்டியதில்ல.

ஆனா ஒரு விஷயம்தான் புரியல. ஒன்றரை வருஷம் முன்னாடிதான் டேப்பட் கவர் பேக்கிங் புதுசா போட்டிருந்தேன், வேற ஒரு ஒர்க்‌ஷாப்புல. பில்லு கூட இருக்கு. அதனாலதான் நானும் மெக்கானிக் அண்ணனும் அந்த பக்கமே யோசிக்கல. புது பேக்கிங் எப்படி ஒன்றரை வருஷத்துல போகும்?

ஞாயித்துக்கிழமை கவர கழட்டினேன். பிளக் ஒயர் எடுத்து, பிரீதர் ஹோஸ் எடுத்து, 10 நம்பர் ஸ்பேனர் போடற போல்ட்டு எல்லாத்தையும் ஓரத்துல இருந்து உள்பக்கமா மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணி, கவர ரப்பர் சுத்தியலால பக்கவாட்டுல மெதுவா தட்டி தூக்கினேன். ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்பக்கூடாது, அலுமினியத்துல கீறல் விழுந்தா அந்த கீறலே அடுத்த லீக்குக்கு வழி. உள்ள பாத்தா காரணம் ஒண்ணுக்கு மூணு.

பேக்கிங் புதுசுதான், ஆனா போல்ட்ட அளவுக்கு மீறி முறுக்கியிருக்காங்க, ரப்பர் நசுங்கி பள்ளத்த விட்டு வெளிய பிதுங்கி நின்னுச்சு. லீக் வந்தா இறுக்கி முறுக்குனா நிக்கும்னு நம்ம எல்லாருக்கும் ஒரு நெனப்பு, இந்த இடத்துல அது நேர் எதிரா வேலை செய்யும். இந்த போல்ட்டு எல்லாம் 6 மில்லிமீட்டர் சைஸ், பெரும்பாலான கார்ல இதுக்கு 8ல இருந்து 10 நியூட்டன் மீட்டர் டார்க்குதான் (முறுக்கற பலம்) சொல்லியிருப்பாங்க, மணிக்கட்டு பலம் மட்டும் போதும், தோள்பட்டை பலத்த போட்டா பேக்கிங் நசுங்கும், கவர் வளையும், இல்லன்னா ஹெட்டுல மரையே போயிடும்.

ரெண்டாவது, ஹெட்டோட கடைசியில கேம் ஷாஃப்ட் முடியற இடத்துல அரைவட்டமா ஒரு வெட்டு இருக்கும், அதுல அரை நிலா மாதிரி ஒரு ரப்பர் பிளக் உக்காந்திருக்கும். பேக்கிங்க மாத்தினவங்க இதை மாத்தல, இது 19 வருஷமா அதே பழைய பிளக், அது மேல சிலிக்கான (ஜாயின்ட அடைக்கற பசை) அப்பி மூடி வெச்சிருக்காங்க. அதை கையில எடுத்தேன், லேசா வளைச்சு பாக்கலாம்னு அழுத்தினேன், கண்ணாடி வளையல் ஒடையற மாதிரி பட்டுன்னு ரெண்டா போச்சு. ரப்பர்ங்கற குணமே அதுல இல்ல. ஸ்பார்க் பிளக் குழிய சுத்தி இருக்கற நாலு சீலும் அதே கதி, நகத்தால கீறுனா பொடி பொடியா உதிருது. வருஷக்கணக்கா 90, 100 டிகிரி சூட்டுல ஆயில்லயே கெடந்தா ரப்பர் இறுகி, சுருங்கி, பழைய வடிவத்துக்கு திரும்பற சக்திய இழந்துடும். வாங்கறப்ப பேக்கிங் மட்டும் வாங்காம அந்த செட்டுல வர்ற பிளக்கு, சீலு, வாஷர் எல்லாத்தையும் சேத்து வாங்குங்க.

அந்த சிலிக்கான பத்தி கண்டிப்பா சொல்லணும். வெளிய எவ்ளோ பிதுங்கி நிக்குதோ அதே அளவு உள்ளயும் பிதுங்கியிருக்கும், அது பிஞ்சு விழுந்தா ஆயிலோட கலந்து கீழ சம்புக்கு போய், ஆயில் பம்ப் உறிஞ்சற வாயில இருக்கற வலையில போய் அடைச்சுக்கும். பேக்கிங் லீக்க நிறுத்த போய் இன்ஜினுக்கே ஆயில் போகாம பண்ற வேலை அது. என் ஹெட்டு மேலயே புழு மாதிரி ரெண்டு துண்டு பிஞ்சு கெடந்துச்சு, பொறுக்கி எடுத்தேன், பாக்கவே பதறுச்சு.

மூணாவதுதான் முக்கியம். கவர் மேல ஒரு சின்ன வால்வு சொருகியிருக்கும், பிசிவி வால்வு. பிஸ்டன் ரிங்க தாண்டி கொஞ்சம் கேஸ் எப்பவுமே கீழ கிராங்க் கேஸுக்குள்ள கசிஞ்சுகிட்டே இருக்கும், புது இன்ஜின்லயே இருக்கும், பழைய இன்ஜின்ல இன்னும் கூட. அந்த கேஸ் வெளிய போக வழி வேணும். 1960கள் வரைக்கும் ஒரு குழாய வெச்சு அப்படியே ரோட்டுல விட்டுட்டு இருந்தாங்க, அப்புறம்தான் அதை இன்டேக் மேனிஃபோல்டுக்கே (இன்ஜினுக்குள்ள காத்து போற குழாய்) திருப்பி அனுப்பி எரிக்கற இந்த வால்வு பரவலா வந்துச்சு. இது அடைச்சுகிட்டா உள்ள அழுத்தம் ஏறிகிட்டே போகும், அது வெளிய வர ஒரு ஓட்டைய தேடும், எந்த சீல் ரொம்ப சோந்து போய் இருக்கோ அதை தள்ளிகிட்டு ஆயிலோட வெளிய வரும். நான் அந்த வால்வ உருவி காது கிட்ட வெச்சு ஆட்டி பாத்தேன். நல்லா இருந்தா உள்ள இருக்கற சின்ன பிளஞ்சர் கடகடன்னு சத்தம் போடணும். ஒரு சத்தமும் இல்ல. உள்ள கருப்பா பிசின் மாதிரி இறுகி கெடந்துச்சு. ஹோஸும் பாதி அடைப்பு.

அப்பதான் முழுசா வெளங்குச்சு, ஒன்றரை வருஷம் முன்னாடி பேக்கிங்க மாத்தினப்ப யாருமே இந்த வால்வ பாக்கல, அதனால புது பேக்கிங்கும் அதே அழுத்தத்த தாங்கிகிட்டு நின்னுருக்கு, அந்த பழைய பிளக்கால தாங்க முடியல. நான் கிட்டத்துலயே போய் வர்ற ஆளு, 3 கிலோமீட்டர், 4 கிலோமீட்டர்னு ஓட்டி நிறுத்திடுவேன், இன்ஜின் சரியா சூடாகறதுக்குள்ள ஆஃப் ஆகிடும், உள்ள சேர்ற நீராவி வெளியேறாம ஆயிலோட கலந்து இந்த மாதிரி பிசினா படியும். ஆயில் ஊத்துற மூடிய தெறந்து அடியில வெள்ளையா நுரை மாதிரி ஒட்டியிருந்தா பெரும்பாலும் இதுதான் காரணம், கூலன்ட்டும் கொறஞ்சிட்டே வந்தா மட்டும் ஹெட் கேஸ்கெட்ட (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற பேக்கிங்) சந்தேகப்படணும்.

இதை கவர கழட்டாமலே பாத்திருக்கலாம், அதான் வருத்தம். இன்ஜின் ஐடில்ல ஓடுறப்ப ஆயில் மூடிய தெறந்துட்டு அந்த வாய் மேல ஒரு மெல்லிசு பேப்பர வெச்சா, பிசிவி வேலை செஞ்சா பேப்பர லேசா உள்ள இழுத்து பிடிக்கும். அடைப்பு இருந்தா பேப்பர தூக்கி அடிக்கும். புது வால்வு போட்ட பிறகும் பேப்பர் பறந்தா ரிங்கே தேஞ்சிருக்கலாம், கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டர்ல அழுத்தம் நிக்குதான்னு பாக்கறது) பண்ணணும். ரெண்டே நிமிஷ வேலை, எந்த சீல மாத்தறதுக்கு முன்னாடியும் இதை ஒரு தடவை பாத்துடுங்க.

மாத்துற வேலைய விட சுத்தம் பண்ற வேலைதான் பெருசு. ஹெட்டோட முகத்துல ஒட்டியிருந்த பழைய சிலிக்கான பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால சுரண்டி, உள்ள எதுவும் விழாம கேம் மேல துணி போட்டு மூடி, கடைசியா பிரேக் கிளீனர துணியில நனைச்சு தொடச்சேன், விரல வெச்சா கீச்சுன்னு சத்தம் வர்ற வரைக்கும். எண்ணெய்ப்பசை இருந்தா சிலிக்கான் ஒட்டவே ஒட்டாது. புது அரை நிலா பிளக்க வெச்சு, அதோட ரெண்டு மூலையில மட்டும் பட்டாணி அளவு கூட இல்லாம சிலிக்கான் பொட்டு வெச்சேன், மத்த இடம் பூரா பேக்கிங் சும்மாதான் உக்காரணும். கவர உக்கார வெச்சு எல்லா போல்ட்டையும் மொதல்ல கையாலயே திருகி, அப்புறம் நடுவுல ஆரம்பிச்சு குறுக்கு மறுக்கா வெளிப்பக்கமா ரெண்டு சுத்துல டார்க் ரெஞ்ச் வெச்சு முடிச்சேன். கிளிக்னு சத்தம் வந்ததும் எவ்ளோ லூசா இருக்கற மாதிரி தோணுச்சு, இன்னும் ஒரு இழுப்பு இழுக்கலாம்னு கை துடிச்சுது. இழுக்கல. புது பிசிவி வால்வு, புது ஹோஸ். சிலிக்கான் இறுகறதுக்கு ஒரு நாள் பூரா வண்டிய தொடாம விட்டேன், டப்பாவுல 24 மணி நேரம்னு போட்டிருந்தா அதை மதிக்கணும்.

இதுக்கு நடுவுல நெறைய பேர் லீக் நிறுத்துற மருந்த ஊத்த சொன்னாங்க, ஆயில கெட்டியா போட சொன்னாங்க. அந்த மருந்து ரப்பர ஊற வெச்சு உப்ப வெக்கறது, கொஞ்சம் இறுகின ரப்பருக்கு கொஞ்ச காலம் பலன் இருக்கும், ரெண்டா ஒடைஞ்ச பிளக்குக்கு அது என்ன பண்ணும்? அதிகம் ஓடின வண்டிக்குன்னு வர்ற ஆயில்லயும் சீல இளக வெக்கற பொருள் கொஞ்சம் சேத்திருப்பாங்க, அதுல தப்பு இல்ல, அடுத்த தடவை நானே அதை போடலாம்னு இருக்கேன். ஆனா 5டபிள்யூ-30 சொல்லியிருக்கற இன்ஜின்ல 20டபிள்யூ-50 ஊத்தி லீக்க மறைக்கறது சரியில்ல, ஸ்டார்ட் பண்ணின உடனே மேல கேம் வரைக்கும் ஆயில் போய் சேர நேரமாகும், அந்த சில நொடி தினமும் தேய்மானம்தான். சிந்தெடிக் ஆயில் போட்டதாலதான் லீக் வந்துச்சுன்னு சொல்றதும் பழைய கதை, ஆரம்ப காலத்து சிந்தெடிக் ஆயில் சில சீல சுருங்க வெச்சது உண்மை, இப்ப வர்றதுல அதுக்கு ஏத்த பொருள் சேத்துதான் வருது. பழைய அழுக்கு எங்கயாவது ஓட்டைய அடைச்சுட்டு இருந்திருந்தா, நல்ல ஆயில் அதை கழுவி விட்டு, ஏற்கனவே இருந்த லீக் வெளிய தெரியலாம், அவ்ளோதான்.

தரையில விழுந்தத கழுவி சாக்கடையில விடாதீங்க. நான் மரத்தூள கொட்டி காலால நல்லா தேய்ச்சு, உறிஞ்சினத அள்ளி ஒரு டப்பால போட்டு, பழைய ஆயிலோட சேத்து பழைய ஆயில் வாங்கறவங்ககிட்ட குடுத்துட்டேன். தண்ணில கொஞ்சம் கலந்தாலும் அது அவ்ளோ தூரத்துக்கு பரவும்.

அந்த மெக்கானிக் அண்ணன்கிட்ட திரும்ப போய் ஒடைஞ்ச பிளக்கையும் அடைச்சு போன வால்வையும் காட்டினேன். ரெண்டு துண்டையும் கையில வாங்கி சேத்து வெச்சு பாத்தார், வால்வ அவரும் காது கிட்ட வெச்சு ஆட்டினார். "அந்த ப்ளேட்ட நான் கழட்டி பாத்திருக்கணும் தம்பி"ன்னு சொன்னார். எனக்கு அவர் மேல மரியாதை கூடுச்சு. அடுத்த சர்வீஸும் அவர்கிட்டதான்.

மூணு மாசம் ஆச்சு. அட்ட இன்னும் அடியிலயேதான் கெடக்கு, தினமும் காலைல குனிஞ்சு பாத்துட்டுதான் வண்டிய எடுக்கறேன், ஒரு சொட்டு இல்ல. டிப்ஸ்டிக்ல மேல் கோட்டுல இருந்து ஒரு நூல் எறங்கியிருக்கு, 1,60,000 ஓடின இன்ஜினுக்கு அது சரிதான். சிக்னல்ல நாத்தம் சுத்தமா போயிடுச்சு. வாரத்துல ஒரு நாள் காரை ஒரு 30 கிலோமீட்டர் நிறுத்தாம ஓட்டிட்டு வர்றேன், உள்ள இருக்கற ஈரம் எல்லாம் போகட்டும்னு. முன்பக்க கிராங்க் சீல் கிட்ட மட்டும் போன வாரம் லேசா வேர்த்த மாதிரி இருந்துச்சு, தொடச்சிட்டு பவுடர் தட்டி விட்டிருக்கேன், இன்னும் கோடு விழல. டைமிங் பெல்ட் மாத்த 8000 கிலோமீட்டர் இருக்கு. அதுக்குள்ள கோடு விழுந்தா உடனே, விழலன்னா பெல்ட்டோட சேத்து மாத்திக்கலாம்னு இருக்கேன், அப்பா எழுதின துண்டு சீட்டுக்கு கீழ நான் வெச்ச துண்டு சீட்டுலயும் அதை எழுதி வெச்சாச்சு.